‘உம்’ கொட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. எங்களோடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். மாமனார் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. அதிலிருந்து மதியம் ஓடும் ஒரு அமெரிக்க சீரியல்தான் மாமிக்கு உலகம். போன மாதம் சானல்காரர்கள் அதை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் ஒரு கேம் ஷோ போடுகிறார்கள். அன்றிலிருந்து மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் வைத்துவிட்டுப் போகும் டப்பாவில் பாதி அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் நான் மாலையில் சமைக்கும்போது வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அன்றைய கதையைத் தமிழில் சொல்வார். பெயர்கூட வாயில் வராது, ‘அந்தச் செம்பட்டைத் தலைக்காரி’ என்பார். நானும் வேலையைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன். இப்போது ஏழு மணிக்கே போய்ப் படுத்துவிடுகிறார். பெரிய டிவி வாங்கி, தமிழ் சானல் பேக்கேஜும் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினால் சீரியல் திரும்ப வருமா?
(பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்)

பதில்: வராது. மனு எழுதும் நேரத்தில் ஒரு பானை சுகர் பீன்ஸ் கறி வைத்து இறக்கிவிடலாம்.

அமெரிக்காவில் ‘கைடிங் லைட்’ என்று ஒரு தொடர் இருந்தது. 1937இல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952இல் டிவிக்கு வந்து, 2009 செப்டம்பரில் நின்றது. 72 வருடம்! பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை பார்த்த கதை. ரசிகர்கள் கத்தினார்கள், கெஞ்சினார்கள். அக்டோபரில் அந்த இடத்தில் ‘லெட்ஸ் மேக் எ டீல்’ என்ற கேம் ஷோ வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் எளிது. தினமும் ஓடும் சீரியலுக்கு வாரத்துக்கு ஐந்து எபிசோட் எழுத வேண்டும், கூட்டம் கூட்டமாக நடிகர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், வீடு, ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று செட் போட வேண்டும். கேம் ஷோவுக்கு ஒரு மேடை, பேசத் தெரிந்த ஒரு ஆள் போதும். ஒரே நாளில் பல எபிசோடுகளை எடுத்துத் தள்ளலாம். பரிசுப் பொருளில் பலவற்றை விளம்பரத்துக்காகக் கம்பெனிகளே கொடுத்துவிடும். இங்கே நம் நாட்டில் 1998இல் தொடங்கிய ‘இசிடிங்கோ’ சீரியலே 2020 மார்ச்சில் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களிடம் உங்கள் மாமியின் சாப்பாட்டு டப்பாவைக் காட்டி என்ன பயன்?

சரி, சானலை விடுங்கள். நான் கேட்க வந்தது வேறு.

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், ‘வேலையைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எழுதியதெல்லாம் டிவியைப் பற்றியது. விஷயம் இருப்பது இந்த வரியில்தான்.

காலையில் எல்லாரும் கிளம்பிவிடுகிறீர்கள். டப்பாவில் சாப்பாடு. மாலை வரை அந்த வீட்டில் மாமியின் குரலைக் கேட்க ஆள் இல்லை. மதியம் பார்த்த கதையைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் வந்து அடுப்பைப் பற்றவைக்கும்வரை காத்திருக்கிறார். செம்பட்டைத் தலைக்காரி யாரோடு ஓடினால் அவருக்கு என்ன? உங்களிடம் பேச அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. என் முட்டி வலிக்கிறது, எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று மருமகளிடம் சொல்லிப் புலம்ப விரும்பாத பெண் அவர். அதனால் ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் கதையைச் சொன்னார். அதற்கும் நீங்கள் கொடுத்தது பானைக்குள் பார்த்துக்கொண்டே ஒரு உம். அந்த ஓட்டை ‘உம்’மை வைத்துக்கொண்டே அவர் ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறார், தாயே!

கேம் ஷோவில் சொல்ல என்ன இருக்கிறது? திரை விலகும், ஒருவனுக்குக் கார் கிடைக்கும், குதிப்பான், கட்டிப்பிடிப்பான். அவ்வளவுதான். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கேள்வியே கிடையாது. சீரியல்காரன் வெள்ளிக்கிழமை ஒருத்தியைப் படிக்கட்டில் தள்ளிவிட்டு, பிழைத்தாளா இல்லையா என்று திங்கள்வரை தொங்கவிடுவான். அந்த இரண்டு நாளும் உங்கள் மாமிக்கு மனதில் வேலை இருந்தது.

74 வயது என்கிறீர்கள். டர்பனில் மேகசின் பேரக்ஸ், கிளேர்வுட் என்று எங்கோ பிறந்து, 1960களில் நிறவெறி அரசால் சாமான் மூட்டையோடு சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறையாக இருக்கலாம். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976இல். அதற்கு முன் அவர்களுக்குக் கதை என்றால் கூத்து. நம் பிள்ளைகள் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறார்களே, அதுதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்த கதையை மறுநாள் இன்னொருத்தியிடம் சொன்னால்தான் பார்த்தது முழுமையாகும். அப்படி வளர்ந்தவர் ஒரு அமெரிக்கக் கதையைத் தினமும் உங்கள் வீட்டு வாசற்படியில் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார். (தமிழ் வகுப்புக்குப் பணம் கட்டிப் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடும் ஊர் இது!)

அடுத்தது உங்கள் கணவர். கடிதத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், அங்கேயும் டிவி வாங்குகிறார். பெற்ற தாய் ஏழு மணிக்கே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறாள், மகன் எத்தனை இன்ச் என்று பார்க்கிறார். அம்மாவைக் கவனிப்பது மருமகளின் வேலை, செலவு மட்டும் மகனுடையது என்ற ஏற்பாட்டை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. உங்களைத் திட்டியதைவிட இரண்டு மடங்கு அவரைத் திட்டியதாக இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

பெரிய வாய் பேசுகிறேன், நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 1985 கடைசி நாளில் ஸ்பிரிங்பாக் ரேடியோ மூடியபோது என் அம்மா கேட்டுவந்த நாடகங்களும் போயின. நான் கல்யாணமாகிப் போயிருந்தேன். ஒரு கேசட் பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதன்மேல் குரோஷே துணி போட்டு மூடிவைத்தார். வாரம் ஒரு முறை அந்தத் துணியைத் துவைத்துப் போடுவார். பிளேயரைத் திறந்ததே இல்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

முதலில் மாமியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத 74 வயதுக்காரருக்கு மனசு மட்டும்தான் காரணம் என்று நானோ நீங்களோ முடிவு கட்டக் கூடாது. மகனே விடுப்பு எடுத்து அழைத்துப் போகட்டும்.

அப்புறம் நாளை மாலை அந்த நாற்காலியை நீங்களே எடுத்துப் போடுங்கள். வெங்காயத்தை அவர் மடியில் கொடுங்கள், உரிக்கட்டும். செம்பட்டைத் தலைக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று கேளுங்கள். ‘யாருக்குத் தெரியும், பாதியிலேயே நிறுத்திட்டானுங்களே’ என்பார். ‘அப்போ நீங்களே முடிச்சு வைங்க மாமி’ என்று சொல்லுங்கள். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி நின்று சொல்லுங்கள்.