டர்பன் கடலா, டிராக்கன்ஸ்பர்க் மலையா?

கேள்வி: மே மாதம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்குக் குடும்பத்தோடு ஆறு நாள் போகிறோம். டர்பன் கடற்கரையிலேயே தங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மலை பார்க்க ஆசை. 68 வயது அம்மாவும் வருகிறார். இரண்டும் முடியுமா?
- திருச்சி வாசகி

பதில்: முடியும். ஆனால் மலைக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள், கடலுக்கு இரண்டு நாள் போதும். டர்பன் கடலும் நம் மெரினா மாதிரி கிழக்கு பார்த்ததுதான், அதே இந்தியப் பெருங்கடல், மே மாதத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். உயிர்காப்பாளர்கள் கொடி நட்டிருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள், அதைத் தாண்டினால் நீரோட்டம் இழுத்துவிடும்.

அம்மாவை உம்கேனி சாலைக் கோயில்களுக்கு அழைத்துப் போங்கள். 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்ட வேலைக்காக மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் இறங்கிய ஊர் அது, அவர்களுக்குப் பின்னால் போனவர்களும் பேரப்பிள்ளைகளும் கட்டிக் காத்த கோயில்கள் இவை. பிள்ளை, நாயுடு, மூட்லி என்ற பெயர்களை அங்கே அடிக்கடி கேட்பீர்கள். மூட்லி நம் முதலியார்தான். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அம்மா இரண்டு வார்த்தை பேசினாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

அப்புறம் மலை. டர்பனிலிருந்து வடக்கு டிராக்கன்ஸ்பர்க்குக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள், 1893 ஜூன் 7 இரவு முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட இடம் அதுதான். அங்கிருந்து ராயல் நட்டால் தேசியப் பூங்கா. சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் 'ஆம்ஃபிதியேட்டர்' பாறைச் சுவரை, அம்மா ஒரு படிகூட ஏறாமல், பூங்காவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நடக்கத் தெம்புள்ளவர்கள் டுகேலா பள்ளத்தாக்குக்குப் போய் வரட்டும், போக வர 14 கிலோமீட்டர், காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். உலகின் மிக உயரமான அருவிகளில் ஒன்றான டுகேலா அங்கேதான் விழுகிறது. மழைக்காலம் முடிந்துவிடுவதால் மே மாதத்தில் அருவி மெலிந்திருக்கும், ஆனால் வானம் துல்லியமாக இருக்கும். மலையில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் கோடையான டிசம்பர், ஜனவரியில் போனால் பல நாள் மதியமே இடி மின்னலோடு மழை வந்து மலையை மறைத்துவிடும்.

இரவில் நன்றாகக் குளிரும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை, சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் போலவே இடது பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் கணவரே ஓட்டலாம். ஆனால் மலைச் சாலையில் மூடுபனியும் குறுக்கே வரும் மாடுகளும் உண்டு, இருட்டுவதற்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஜூலையில்தான் போக முடியும். பரவாயில்லையா?
- கோவை வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கூட்டமாகத் தென்கரையை ஒட்டி வடக்கே போகும், பின்னாலேயே டால்பின்களும் வரும். மலை உச்சியில் பனிகூட விழலாம்.