பிள்ளையோட பழைய காமெடிப் படம் பாக்கணுமா? கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, மகளுக்கு 7 வயசு. ‘மைக்கேல் மதன காமராஜன்’ போட்டேன். 20 நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிட்டா.

பதில்: கமல் வேஷம் போட்ட நாலு அண்ணன் தம்பியும் எப்படிப் பிரிஞ்சாங்கன்னு அந்தப் படம் (1990) முதல் பாட்டுலயே வேகமாச் சொல்லி முடிச்சிரும். அதைத் தவறவிட்ட பிள்ளைக்கு, பொறவு ஒரே முகம் நாலு இடத்துல வருறது குழப்பம்தான். பாட்டு முடிஞ்சதும் நிறுத்தி, ஒரு தாள்ல எழுதி வைங்க: மைக்கேல் திருடன், மதன் பணக்காரர், காமேஸ்வரன் சமையல்காரர், ராஜு தீயணைப்பு. பிள்ளை தானே விரல் வச்சுப் பாத்துக்கும்.

இன்னொண்ணு, கல்யாண வீட்டுச் சாம்பார்ல மீன் விழுற கட்டம். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு மீன் தினமும் சோத்துக்குக் கூட்டு. ‘விழுந்தா என்ன, ருசியாத்தானே இருக்கும்’னு கேக்கும். அந்த வீட்டுல மீனே சேக்க மாட்டாங்கன்னு ஒரு வரி முன்னாலயே சொல்லிருங்க. மீன் விழப்போகுதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. காமேஸ்வரனோட பாலக்காட்டுத் தமிழ் சென்னைப் பிள்ளையை விட நம்ம பிள்ளைக்கு நல்லாவே பிடிபடும்.

இடைவேளை வந்ததும் நிறுத்தி, மிச்சத்தை மறுநாள் பாருங்க. மலை விளிம்புல வீடு ஆடுற கடைசிக் கட்டம் தூக்கக் கலக்கத்துல பாக்குறதுக்கு இல்லை. அது பிடிச்சா சாப்ளினோட ‘கோல்டு ரஷ்’ (1925) போடுங்க. அதுலயும் விளிம்புல ஆடுற வீடு உண்டு, வசனமே கிடையாது.

குளச்சலிலிருந்து: 4 வயசுக்கு எந்தப் படம்?

பதில்: முழுப்படம் வேண்டாம். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் கட்டம் போதும். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்கு அது விளங்கும். அது எந்தப் பழம், மட்டியா பாளையங்கோடனான்னு கேட்டா, பதில் உங்க சோலி.

நாகர்கோவிலிலிருந்து: ‘சபாஷ் மீனா’ போட்டா சந்திரபாபு குண்டாத் தெரியுறாரு. பேச்சும் அமுங்குது.

பதில்: 1958 படம், படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். உங்க டிவி அதை இழுத்து அகலமாக்குது. படஅளவு அமைப்புல ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 வைங்க, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ‘ஜூம்’ வச்சா தலையும் காலும் வெட்டுப்படும். அசைவை வழுவழுன்னு ஆக்குற மோஷன் ஸ்மூத்திங்கை அணைச்சிருங்க. சவுண்ட்பார்ல சரவுண்ட் வேண்டாம், பேச்சுக்குன்னு இருக்கிற மோடு வைங்க. பழைய ஒலி ஒரே தடம், அதைப் பரத்தினா வசனம் கரைஞ்சிரும்.

திங்கள்சந்தையிலிருந்து: பையன் சிரிக்கவே மாட்டேங்கான்.

பதில்: அவன் முகத்தையே பாத்துட்டு இருந்தா எப்படிச் சிரிப்பான்? திரையைப் பாருங்க.

மார்த்தாண்டத்திலிருந்து: ‘அரங்கேற்ற வேளை’ காட்டலாமா, இல்ல மலையாளத்து ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ காட்டலாமா?

பதில்: வீட்டுல மலையாளம் காதுல விழுற பிள்ளைன்னா 1989-ல வந்த மலையாள மூலம்தான் முதல்ல. டைரக்டரியில ரெண்டு போன் நம்பர் மாறி அச்சானதுலதான் கதையே கெடக்கு. லேண்ட்லைன், டைரக்டரி ரெண்டையும் முன்னாலயே சொல்லிக் குடுங்க.

நாகர்கோவிலிலிருந்து மறுபடி: அது என்ன நியாயம்? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் படம்தானே!

மார்த்தாண்டத்திலிருந்து மறுபடி: மூலத்தை விட்டுட்டு நகலையா காட்டச் சொல்லுதிய?

பதில்: சண்டை வேண்டாம் மக்கா. அடியில எழுத்து ஓடுறதை வாசிக்கிற வேகம் 8, 9 வயசுக்கு முன்னால பல பிள்ளைங்களுக்கு வராது. வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள சிரிப்புக் கட்டம் போயிரும். அதனால மலையாளம் விளங்காத வீட்டுக்கு 1990-ல ஃபாசில் தமிழ்ல எடுத்த ‘அரங்கேற்ற வேளை’தான் சரி. ஆனா நகல்னா மட்டம்னு சொல்லாதீங்க. ‘ஃப்ரெண்ட்ஸ்’ ரெண்டையும் சித்திக்தான் இயக்கினாரு, 1999-ல மலையாளம், 2001-ல தமிழ். மலையாளத்துல ஜெகதி செஞ்ச வேடத்தைத் தமிழ்ல வடிவேலு நேசமணியாத் தனியா வளத்துட்டாரு. பெயின்ட் அடிக்கிற கட்டத்தை ரெண்டு மொழியிலயும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. எந்த இடத்துல சிரிப்பு முந்துது, எதுல பிந்துதுன்னு 10 வயசுப் பிள்ளையே சொல்லும். இதுக்கு மேல மொழிச் சண்டைக்குப் பதில் கிடையாது.

பூதப்பாண்டியிலிருந்து: கவுண்டமணி செந்திலைத் திட்டுறதை மகன் பள்ளிக்கூடத்துல சொல்லி அடி வாங்கிட்டு வந்தான்.

பதில்: முதல்ல நீங்க தனியாப் பாத்திருக்கணும். எல்லாரும் பாக்கலாம்னு குடுக்கிற ‘யூ’ சான்றிதழை நம்பாதீங்க. பெரியவங்க துணையோட பாக்குற யூஏ-வை 7+, 13+, 16+னு வயசு பிரிச்சது 2024 நவம்பர்லதான். பழைய படத்து ‘யூ’ல நிறத்தையும் உடம்பையும் கேலி பண்ணுற வசனம் தாராளமா வரும். அந்த இடத்துல ‘இதை யாரையும் சொல்லக்கூடாது’ன்னு ஒரே வரி சொல்லிட்டு மேல போங்க. படத்தை நிறுத்திப் பாடம் எடுத்தா அந்த வார்த்தை மட்டும்தான் மனசுல நிக்கும்.

குழித்துறையிலிருந்து: நாங்க சிரிச்சும் பிள்ளை சிரிக்கலை.

பதில்: திங்கள்சந்தைக்குச் சொன்னதைப் படிங்க.

கன்னியாகுமரியிலிருந்து: முழுப்படத்துக்கு முன்னால பழக்க ஏதாவது சின்னக் கட்டம்?

பதில்: ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுற இடம். முன்கதை தேவையில்லை, 6 வயசுலயே எடுபடும். விளக்கை அணைச்சுக்கோங்க. நாகேஷை விட பாலையா முகத்தைப் பாக்கச் சொல்லுங்க. ‘இப்ப வருது பாரு’ன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டாவது தடவையாச் சொல்லுதேன்.

இரணியலிலிருந்து: பாக்கும்போது தின்ன என்ன குடுக்கலாம்?

பதில்: 5 வயசுக்குக் கீழ கடலை, முந்திரி வேண்டாம். சிரிக்கும்போது மூச்சுக்குழல்ல போயிரும். நேந்திரங்கா சிப்ஸ் சத்தம் வசனத்தை முழுங்கும். மட்டிப்பழம் குடுங்க. தோலை நடைவழியில போட்டுராதீங்க.