பாடநூலின் பிந்தைய அத்தியாயங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலைப் பொருளியல் படித்துவருகிறேன். எங்கள் பாடநூல்களில் உள்ள தேவை–அளிப்புக் கோட்பாடுகள் வளர்ந்த நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, அவற்றைக் கொண்டு ஏழை நாடுகளுக்குக் கொள்கை வகுப்பதும் உதவி அளிப்பதும் பொருந்தாது என்கிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு வேறொரு பொருளியலைத் தேட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒதுக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். 1970களில் கானாவின் அரசுக் கொள்முதல் வாரியம் கோகோ விவசாயிகளுக்கு மிகக் குறைந்த விலையே கொடுத்தது. எந்த முதலாண்டு மாணவரும் ஊகிக்கக்கூடியபடியே உற்பத்தி சரிந்தது, விளைந்ததில் ஒரு பகுதி எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்குக் கடத்தப்பட்டது. ஏழை விவசாயிக்கும் விலைக் கணக்கு தெரியும்.

ஆனால் மொசாம்பிக்கின் முந்திரியைப் பாருங்கள். 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாட்டிடம், முந்திரிக் கொட்டை ஏற்றுமதிக்கு இருந்த தடைகளைத் தளர்த்தும்படி உலக வங்கி கடனுக்கான நிபந்தனையாகக் கேட்டது. கொட்டையை வெளியே விடாமல் தடுத்தால், அதை உடைத்துப் பருப்பெடுக்கும் உள்நாட்டு ஆலைகளுக்கு அது மலிவாகக் கிடைக்கும், அந்த மலிவின் நட்டத்தைச் சுமப்பவர் விவசாயி. தடையை நீக்கினால் அவருக்குக் கூடுதல் பணம் வரும், ஆலையில் வேலை இழப்பவர் வேறு வேலைக்குப் போவார் என்பது வாதம். பாடநூல்படி அதில் பிழையில்லை. பின்னர் பொருளியலாளர்கள் மார்கரெட் மக்மில்லனும் டானி ரோட்ரிக்கும் இன்னொருவரும் சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தபோது, முந்திரி வளர்க்கும் சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 5 டாலர்தான் என்று தெரியவந்தது. ஆதாயத்தில் கணிசமான பகுதி வழியிலேயே வணிகர்களிடம் தங்கிவிட்டது. கொட்டையை வாங்குவதற்கோ ஏறக்குறைய இந்தியா மட்டுமே இருந்தது. ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்கள் போயிருக்க வேண்டிய அந்த ‘வேறு வேலை’ நாட்டில் எங்கும் இல்லை.

வாங்குவோர் ஓரிருவரே உள்ள சந்தையும், ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்குப் போக வழியில்லாத உழைப்பாளியும் அதே பாடநூலின் பிந்தைய அத்தியாயங்களில் இருக்கிறார்கள். கடன் ஒப்பந்தத்துக்குள் வந்து சேர்ந்தவை முதல் சில அத்தியாயங்கள் மட்டுமே. (தலைநகர் விடுதியில் இரண்டு வாரம் தங்கி அறிக்கை எழுதும் நிபுணருக்கு அதற்குமேல் படிக்க நேரமும் இருப்பதில்லை.)

உதவி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கியதைத்தான் மக்கள் மதித்துப் பயன்படுத்துவார்கள் என்று உதவி அமைப்புகள் நெடுங்காலம் நம்பின. கென்யாவில் மருந்து தோய்த்த கொசுவலைகளைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து பொருளியலாளர்கள் ஜெசிகா கோஹெனும் பாஸ்கலின் டுபாவும் இதைச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்த வலைக்கு 60 சென்ட் விலை வைத்ததும், பெற்றுக்கொள்வோரின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. விலை கொடுத்தவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியதற்குச் சான்றும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் கட்டிய வலை மலேரியா பரவுவதைக் குறைப்பதால் அண்டை வீட்டாருக்கும் பயன் தருகிறது; அத்தகைய பொருளைச் சந்தை விலைக்கு விட்டால் போதிய அளவு வாங்கப்படாது என்று புறவிளைவுகளைப் பற்றிய அத்தியாயமே சொல்கிறது, உங்கள் பாடநூலிலும் அது இருக்கும்.