பைக் கேள்வி-பதில்: ஒட்டிக்கொண்ட கிளட்ச்

கேள்வி: 1989 மாடல் புல்லட் 350. இரண்டு வருடமாக ஓடாமல் நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி எகிறி ஆஃப் ஆகிவிடுகிறது. புது கேபிள் போட்டும் பயனில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: இன்ஜின் பக்கமே போக வேண்டாம். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. வண்டி நிற்கும்போது பிளேட்டுகளுக்கு நடுவே இருந்த ஆயில் வடிந்துவிடும். மிச்சம் பிசினாகும், ஈரம் பட்ட இரும்பு பிளேட் துருப்பிடிக்கும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் புல்லட்டில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. சாவியை ஆஃப் செய்து, நியூட்ரலில் கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்துங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் கிக்கர் லேசாக இறங்கும். இன்ஜினும் சேர்ந்து சுற்றி கம்ப்ரஷன் காலில் தட்டினால் பிளேட் பிரியவில்லை. லீவரில் 2-3 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதே கிக்கரை வைத்துத்தான் பிரிக்கவும் போகிறோம். செயின் கேஸில் (இன்ஜினுக்கு இடதுபுறம் கிளட்ச் இருக்கும் பெட்டி) லெவல் ஸ்க்ரூ வரை ஆயில் இருக்கட்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்த சூட்டோடு கிளட்ச் லீவரை ஹேண்டில்பாரோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் விலகியிருப்பதால் பிளேட்டுகளுக்கு இடையே ஆயில் ஊறும். காலையில் கட்டை அவிழ்க்காமலே, சாவி ஆஃபில், கம்ப்ரஷன் வந்து கிக்கர் கெட்டியாகும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சுருக்கென்று ஒரு மிதி. டிகம்ப்ரஸரை (கம்ப்ரஷனை வெளியே விடும் லீவர்) தொடாதீர்கள், இன்ஜினை அசையாமல் பிடித்து வைப்பதே அந்த கம்ப்ரஷன்தான். பிளேட் விட்டால் கிக்கர் சட்டென்று லேசாகும். ஐந்தாறு மிதியில் விடவில்லையா, நிறுத்திவிடுங்கள். மேலே ஏறிக் குதித்தால் கிக் ராட்செட் (கிக்கரின் விசையைக் கடத்தும் பல் சக்கரம்) பல் போகும்.

கியரில் ஓட்டிக்கொண்டே பிரேக் அடித்தால் பிரிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். செயினும் கியர்பாக்ஸும்தான் அடி வாங்கும். அதைவிடச் செயின் கேஸ் கவரைக் கழற்றுவது எளிது.

இடது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, பிரேக் பெடலை ஒதுக்கி, கீழே தட்டு வைத்து, நடுவிலுள்ள ஒரே நட்டைக் கழற்றினால் கவர் வந்துவிடும். ஆல்டர்னேட்டர் ஒயரை இழுத்துவிடாதீர்கள். மூன்று ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் எடுத்து, பிரஷர் பிளேட்டை (மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் மேல் தட்டு) விலக்கி, பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். ஒட்டியதைப் பிரிக்க மெல்லிய தட்டைக் கத்தி போதும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் லைனிங் பெயரும். இரும்பு பிளேட்டின் துருவை 400 நம்பர் எமரித் தாளால், கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்து எடுங்கள். அதே கண்ணாடியில் பிளேட்டை வைத்து 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் அது வளைந்த பிளேட், மாற்றுங்கள். கிளட்ச் டிரம்மின் காதுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிளேட்டின் பல் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் எத்தனை புது பிளேட் போட்டாலும் கிளட்ச் விடாது. லேசான பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்யலாம். ஆழமென்றால் டிரம்மே மாற வேண்டும்.

லைனிங் பிளேட்டுகளை ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். கவர் போடுமுன் கிளட்சைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தி, பிரஷர் பிளேட் தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் குறைவாக எழும்பினால் அந்தப் பக்க ஸ்க்ரூவைச் சிறிது தளர்த்துங்கள். நிறையப் பேர் விடுவது இந்த வேலையைத்தான். பாதிக் குறை இங்கேயே தீரும்.

கேள்வி: செயின் கேஸில் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. கெட்டி ஆயிலில் பிளேட்டுகள் பிரியாமல் இழுக்கும். 20டபிள்யூ50 ஊற்றுங்கள். பழைய ஆயில் பால் நிறத்தில் வந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கவரின் ரப்பர் சீலையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-லும் கிக்கர் சோதனை செல்லுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: செல்லாது. அதில் கிக்கர் கிளட்சைத் தாண்டி நேராக இன்ஜினைச் சுற்றும். கிளட்சைப் பிடித்தாலும் கம்ப்ரஷன் தெரியும். சாவி ஆஃபில் இரண்டாம் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் இன்ஜினை இழுத்துக்கொண்டு முக்கினால் பிளேட் ஒட்டியிருக்கிறது. வலது கவரைத் திறக்குமுன் புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையது கிழியாமல் வராது.