போனில் பறக்கும் விரல், கணினி முன்னால் ஏன் நடுங்குகிறது?

கேள்வி: நான் பினாங்கு பிறை வட்டாரத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மகன் போலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா, முதல் செமஸ்டர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் சுமார்தான், ஆனால் கைவேலை என்றால் உயிர். பதினைந்து வயதிலேயே மாமாவின் மோட்டாரைப் பிரித்து மாட்டியவன். போனில் வீடியோ வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்ப்பான். ஆனால் லேப் ரிப்போர்ட்டை எக்செலில் வரைபடம் போட்டு அனுப்பச் சொன்னால் முழிக்கிறான். இரண்டு முறை கூட்டாளியை விட்டுச் செய்ய வைத்து அனுப்பியிருக்கிறான். லெக்சரர் கண்டுபிடித்து வகுப்பிலேயே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து "கம்ப்யூட்டர் எனக்கு வராதும்மா, நான் நின்றுவிடுகிறேன், ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போகிறேன்" என்கிறான். தெரிந்தவர் ஒருவர் மூன்று நாள் டிஜிட்டல் பயிற்சிக்கு 1,800 வெள்ளி கட்டச் சொல்கிறார். தவணையில் 4,500 வெள்ளிக்கு மடிக்கணினி எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். நான் அதிகம் படிக்காதவள், எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். அதைப் போனிலேயே, தமிழிலேயே தட்டி அனுப்பியிருக்கிறீர்கள். எந்த வகுப்பில் போய் இதைக் கற்றீர்கள்? தேவை வந்தது, தடவித் தடவிப் பழகிக்கொண்டீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன், பையனிடமும் சொல்லுங்கள். கணினியில் தமிழ் எழுத 1985-லேயே முரசு மென்பொருளைச் செய்தவர் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். போனில் தமிழ் எழுதப் பலரும் வைத்திருக்கும் செல்லினமும் அவர் செய்ததுதான். நம் ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்ற பேச்சை நம் வீட்டுக்குள் விடக்கூடாது.

இப்போது பையன் விஷயம். 2001-ல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், கணினியோடு வளரும் பிள்ளைகளை டிஜிட்டல் உலகத்தின் மண்ணின் மைந்தர்கள் என்கிற மாதிரி எழுதினார். அந்தப் பேச்சு உலகமெல்லாம் பரவியது. பள்ளிக்கூடங்களும் பெற்றோர்களும், சரி, இவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்துவிட்டோம். அதன் பலனைத்தான் உங்கள் பையன் அனுபவிக்கிறான்.

போனில் படம் எடுத்தால் அது எங்கே போய் உட்காருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேலரியைத் திறந்தால் இருக்கிறது. பெயர் வைக்க வேண்டாம், சேமிக்க வேண்டாம், எந்த ஃபோல்டர் என்று தேட வேண்டாம். அத்தனையையும் மறைத்து வைப்பதுதான் போனின் கெட்டிக்காரத்தனம். கணினியில் உட்கார்ந்தால் மறைத்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் கேள்வியாக வந்து நிற்கும். கோப்பை எங்கே வைத்தாய்? என்ன பெயர்? எந்த வடிவத்தில் அனுப்புகிறாய்? இதில் ஒன்றுகூட அறிவுக்குறை இல்லை. சைக்கிளில் பறக்கிறவனை லாரியில் ஏற்றிக் கியர் போடச் சொன்னால் தடுமாறத்தான் செய்வான்.

நானும் தடுமாறியவன்தான். தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில், ஒரு வகுப்பின் மதிப்பெண்களைத் தட்டி முடித்து, முந்தைய வகுப்பின் கோப்பு எந்தப் பெயரில் இருந்ததோ அதே பெயரில் சேமித்துவிட்டேன். பழைய வகுப்பு காணாமல் போனது. முப்பது விடைத்தாள்களை மறுபடி தேடி எடுத்துத் தட்டினேன். அன்றிலிருந்து என் கோப்பு எதிலும் தேதி இல்லாமல் இருக்காது. பாடம் அப்படித்தான் ஏறும்.

படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கணினி தொல்லை இல்லை என்று அவன் நினைக்கிறான், பாவம். மைவி காரில் என்ஜின் விளக்கு எரிந்தால் மெக்கானிக் முதலில் ஸ்பேனரையா எடுக்கிறார்? ஸ்கேனரைச் செருகிக் கோடு எண்ணைப் படிக்கிறார். கடைசல் பட்டறைக்குப் போனாலும் இன்று கணினி ஓட்டும் சி.என்.சி. எந்திரம், அதற்கு எழுத்தும் எண்ணுமாக வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். எங்கே ஓடினாலும் அங்கே ஒரு திரை இருக்கும். இதைத் திட்டாகச் சொல்லாதீர்கள். மாமாவின் மெக்கானிக்கிடம் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், போதும்.

1,800 வெள்ளிப் பயிற்சி வேண்டாம். மூன்று நாளில் இது வராது, தினமும் ஒரு மணி நேரம் என்று மூன்று மாதத்தில் வரும். சான்றிதழ் தருகிறோம் என்பார்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை. தெரிந்தவர் தருவது அதுதானா என்று ஒரு கேள்வி கேளுங்கள், பேச்சு சுருங்கிவிடும். பணம் கட்டிப் படிக்கிற காலம் பின்னால் வரும். 1989 முதல் பாயான் லெப்பாஸில் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது, தொழிற்சாலைகளுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை டிப்ளோமா முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மடிக்கணினி வேண்டும். ஆனால் 4,500-க்கு இப்போது வேண்டாம். முதல் இரண்டு மாதம் கல்லூரி நூலகக் கணினியே போதும். வீட்டுப் பக்கம் அரசாங்கத்தின் நாடி மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், முன்பு இணைய மையம் என்றார்களே, அதுதான். அப்புறம் வாங்கும்போது, பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத எந்திரங்களைக் கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 11 ஓடுகிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். நினைவகம் (ரேம்) 8 ஜிபிக்குக் குறையக்கூடாது, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைய வேண்டுமென்றால் 16 நல்லது. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், அதைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றித் தருகிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் எல்லாம் செய்து தருமே என்று கூட்டாளிகள் சொல்வார்கள். இந்தச் சூத்திரம் ஏன் தப்பு என்று அதனிடம் கேட்கட்டும், தாராளமாக. ரிப்போர்ட்டையே எழுதச் சொன்னால் கூட்டாளியை விட்டு எழுத வைத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எக்செல் பழக நான் சொல்லும் வழி கொஞ்சம் வேறு மாதிரி. லேப் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதைப் பார்த்தாலே அவனுக்கு வகுப்பில் பட்ட அவமானம்தான் ஞாபகம் வரும். உங்கள் சம்பளத்தைப் போடச் சொல்லுங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக் கூலி. ஓவர்டைம் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. அடிப்படை 1,700 வெள்ளி என்றால் மணிக்கு 8.17 வரும், சாதாரண ஓவர்டைம் மணிக்கு 12.26.

இதை ஒரு எக்செல் தாளில் கட்டம் கட்டமாகப் போடட்டும். மேலே ஒரே ஒரு கட்டத்தில் சம்பளம். கீழே தேதி, என்ன நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு. முதல் வரிசை சரியாக வரும். அதே சூத்திரத்தைக் கீழே இழுத்தவுடன் எல்லாம் பூஜ்யமாகும், அல்லது கன்னாபின்னா என்று வரும். சம்பளம் இருந்த கட்டத்தின் முகவரியும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்ந்துவிட்டது, அதனால்தான். முகவரியில் டாலர் குறி போட்டு நகராமல் பூட்ட வேண்டும். இதைப் புத்தகத்தில் பத்து தடவை படித்தாலும் மறந்துபோகும், அம்மாவின் காசு தப்பாகக் காட்டினால் மறக்காது. பிறகு நாளின் வகையைப் பார்த்து மடங்கை அதுவே மாற்றிக்கொள்ளச் செய்யட்டும். பிறகு மாதவாரியாக ஒரு வரைபடம். அது வந்துவிட்டால் லேப் ரிப்போர்ட்டின் வரைபடமும் அதே வேலைதான், எண்கள் மட்டும் வேறு.

லெக்சரரிடம் அவனே போய், முந்தைய இரண்டையும் நான் செய்யவில்லை, மூன்றாவதை நானே செய்கிறேன், எங்கே தவறு என்று காட்டுங்கள் என்று கேட்கட்டும். நீங்கள் போகாதீர்கள்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அவன் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் அவன் சூத்திரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால், சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் சம்பளப் பிரிவுக்குப் போங்கள்.