நிறுவனம் கொடுக்கும் மருத்துவ அட்டைத் திட்டங்களில் கணினியால் நோயாளிக்கு உண்மையில் என்ன பயன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து மக்கள் அதிகம் வரும் பேனல் கிளினிக் (நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களை அனுப்ப ஒப்பந்தம் செய்துள்ள தனியார் கிளினிக்) ஒன்றின் கவுண்டரில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

பயன் உண்டு. முன்பெல்லாம் தோட்டத்துக் கிராணியார் எழுதித் தரும் சீட்டு வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டுக்காக ஆபீசுக்கு அலைந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். இன்று அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தொழிலாளியின் பெயர், மனைவி மக்கள், இந்த ஆண்டு இன்னும் எத்தனை வெள்ளி மீதம் என்பது வரை திரையில் வந்துவிடுகிறது.

ஆனால் அந்தத் திரை பணத்துக்குத்தான் காவல் இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டும் ஒரு பெரியவருக்கு இனிப்புநீர். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மருந்து எடுப்பார். அங்கே வரிசையில் நிற்க நேரமில்லாத நாளில் எங்களிடம் வருவார். அவர்கள் தந்த உறையில் கிளிக்லசைட் என்று, சர்க்கரையை இறக்கும் மருந்தின் பெயர் எழுதியிருந்தது. நாங்கள் தந்த பட்டையில் மருந்துக் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருந்தது. இரண்டும் ஒரே மருந்து. வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கியவர், சர்க்கரை இறங்கிக் காட்டிலேயே மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி இரண்டையும் கவுண்டர்மேல் எடுத்து வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவருடைய மீதத் தொகையைச் சென் வரைக்கும் காட்டிய அதே கணினி, பக்கத்துக் கிளினிக்கில் அவர் என்ன வாங்குகிறார் என்பதைக் காட்டவே இல்லை.

நாட்டில் வசதி இல்லாமல் இல்லை. செலாயாங் மருத்துவமனை 1999-இலேயே காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 2001-இல் வந்த மைகாட் அடையாள அட்டையின் சில்லில் ரத்த வகை, ஒவ்வாமை போன்ற விவரங்களைப் பதியவும் இடம் வைத்தார்கள். எங்கள் கவுண்டரில் ஒருவருக்குக்கூட அதைப் படித்துப் பார்த்ததில்லை.

அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலி உறையையும் விடாதீர்கள். அந்தப் பெரியவருக்குப் பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வெளியில் எடுக்கும் மருந்துகளையும் நான் கணினியில் ஏற்றி வருகிறேன். அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஒவ்வாமை என்று போட்ட கட்டத்தில்தான் தட்டி வைக்கிறேன்.