வலி மாத்திரையை நிறுத்த இன்னொரு மாத்திரையா?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு 36 வயது. சரக்கு வேன் ஓட்டுகிறார். விபத்தில் இடுப்பில் அடிபட்டபோது எழுதிக் கொடுத்த டிரமடால் மாத்திரையை மூன்று வருடமாக விட முடியவில்லை. இப்போது ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் மாத்திரை 10, 12 போடுகிறார். நிறுத்தினால் ராத்திரி முழுக்க கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. மனநல மருத்துவர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை ஒரு வருடமாவது எடுக்க வேண்டும் என்கிறார். மாமியாரோ 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? ஒரு மாசம் மறுவாழ்வு இல்லத்தில் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. தள்ளிப்போடாமல் ஆரம்பியுங்கள்.

டிரமடால் ஓபியாய்டு வகை வலி மருந்து, அதாவது அபின் போல மூளையில் வேலை செய்வது. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்தான் அதன் உச்ச அளவு. உங்கள் கணவர் அதைத் தாண்டிவிட்டார். இத்தனை காலம் இவ்வளவு போட்டபின், மருந்து உள்ளே இருப்பதையே மூளை இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நிறுத்தினால் உடம்பு முறுக்குகிறது. மன உறுதி இல்லாதவர் என்று அவரைத் திட்டுவதால் இது மாறாது.

மருத்துவர் சொன்ன மாத்திரை அனேகமாக புப்ரினார்ஃபின், அல்லது அதோடு ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து சேர்ந்தது. புப்ரினார்ஃபினும் ஓபியாய்டுதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது இந்த மருந்துகள் போய் ஒட்டும் இடங்களை, அது ஓரளவே தூண்டும். ஓர் அளவுக்கு மேல் எத்தனை போட்டாலும் போதை ஏறாது. ஒரு முறை வைத்தால் ஒரு நாள் தாங்கும் என்பதால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை தேடி அலைய வேண்டியதில்லை. ஒளித்து வைப்பது, கடை கடையாகத் தேடுவது, கட்டுப்பாடு இழந்து அளவைக் கூட்டிக்கொண்டே போவது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் அடிமைத்தனம். காலையில் ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் இரவு நன்றாகத் தூங்குபவரை எப்படி போதையில் இருப்பவர் என்பது? உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே புப்ரினார்ஃபினையும், இதே சிகிச்சைக்குத் தரப்படும் மெத்தடோன் என்ற மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

முதல் நாளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கடைசி டிரமடால் போட்டு 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிலருக்கு இன்னும் அதிகம். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கண்ணில் நீர், கையில் மயிர்க்கூச்சல், கண்பாவை விரிந்திருப்பது, இதெல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் முதல் மாத்திரை. டிரமடால் உள்ளே இருக்கும்போதே வைத்தால், புப்ரினார்ஃபின் அதை ஏற்பியிலிருந்து வெளியே தள்ளிவிடும். நாள் கணக்கில் வர வேண்டிய தொந்தரவெல்லாம் அரை மணி நேரத்தில் மொத்தமாக வரும். அப்படி அவதிப்பட்டவர்கள் "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது" என்று ஓடிவிடுகிறார்கள், ஒத்துக்கொள்ளாதது மருந்து இல்லை, நேரம். அதனால் கடைசியாக எப்போது போட்டார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராமில் ஆரம்பித்து, சில மணி நேரம் பார்த்து, அடுத்த சில நாட்களில் தேவைக்கேற்ப உயர்த்துவார்கள்.

வைக்கும் முறையும் முக்கியம். ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்கிக்கொண்டு, நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை ஐந்து பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும். கரைந்த பின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால் பற்களுக்கு நல்லது.

டிரமடாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது செரோடோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் இரண்டையும் பாதிக்கும். அளவு கூடினால் வலிப்பு வரலாம். நிறுத்தும்போது சிலருக்குப் படபடப்பும் குழப்பமும் வரும். இதைப் புப்ரினார்ஃபின் மட்டும் சரிசெய்யாது, கூடுதல் மருந்து தேவைப்படலாம். ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மாமியாரின் யோசனைதான் எனக்குப் பயம் தருகிறது. ஒரு மாதம் அடைத்து வைத்தால் மாத்திரை உடம்பை விட்டுப் போகும், ஏக்கம் போகாது. அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டிருக்கும். வெளியே வந்து பழைய அளவிலேயே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். அவர் மகன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதனால் அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிப்போங்கள்.

நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. அது ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும். ஆனால் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இல்லாதிருந்தால்தான் தொடங்க முடியும். யாராவது "குழம்பில் கலந்து கொடுத்துவிடு" என்றால் காதிலேயே வாங்காதீர்கள், கடுமையான ஆபத்து. மெத்தடோன் நம் ஊரில் சில மையங்களில் மட்டுமே கிடைக்கும்.

ஒரு வருடம் என்பது அதிகமில்லை. சில மாதத்திலேயே நிறுத்தியவர்களில் பலர் திரும்பப் பழைய மாத்திரைக்கே போய்விடுகிறார்கள். வாழ்க்கை நிலைப்பட்ட பிறகு, பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நடுவில் ஒருநாள் டிரமடால் போட்டுவிட்டால் உடனே மருத்துவரிடம் போகட்டும், சிகிச்சையை விட்டுவிடக் கூடாது.

சிகிச்சைக் காலத்தில் மதுவும், அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் கூடவே கூடாது, மூச்சை அடக்கும். அளவு நிலைப்படும்வரை வேன் ஓட்ட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து கேளுங்கள். இடுப்பு வலியையும் விட்டுவிடாதீர்கள். புப்ரினார்ஃபினே வலி நிவாரணிதான், நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வலிக்கு இன்னும் உதவும். கூடவே பிசியோதெரபி வேண்டும். பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும், இந்த மருந்தில் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

போலீஸ் பயம் இருந்தால்: டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பது உண்மை. ஆனால் தன் உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருந்தவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. புப்ரினார்ஃபினை மெடிக்கல் ஷாப்பில் தேட வேண்டாம், சிகிச்சை மையங்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். உங்கள் பக்கத்தில் எங்கே என்று கேட்க 14446 எண்ணில் தேசிய போதை மீட்பு உதவி மையம் இருக்கிறது. இரவில் மனம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை அட்டைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வேறு என்னென்ன மாத்திரை கலந்திருக்கிறது என்று அவற்றைப் பார்த்தால் மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.